வீட்டிலேயே பாட்டுப் போட மெய்நிகர் வாத்தியம்: வாங்கும் முன் செய்ய வேண்டியவை

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வீட்டு அறையிலேயே பாட்டுப் போடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். வள்ளி கும்மிக்குப் பாட்டு, மாரியம்மன் நோம்பிக்குப் பாட்டு, குறும்படத்துக்குப் பின்னணி இசை, கல்யாண வீடியோவுக்கு இரண்டு நிமிட இசை என்று வேலைக்குக் குறைவில்லை. புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த விஎஸ்டி வாங்கலாமுங்க?" கணினிக்குள் வாத்தியமாக ஒலிக்கும் மென்பொருளை, அதாவது மெய்நிகர் வாத்தியத்தை, பேச்சில் அப்படித்தான் சொல்கிறார்கள். உண்மையில் விஎஸ்டி என்பது அந்த மென்பொருள் வரும் வகைகளில் ஒன்றின் பெயர்.

நான் தொடங்கியபோது இதற்கு நேராகப் பதில் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. ஆளுக்கொரு பட்டியல் கொடுத்தார்கள். எந்தப் பட்டியலிலும் என் கணினியில் அது ஓடுமா, டாலரில் எப்படிப் பணம் கட்டுவது, தவிலுக்கும் உருமிக்கும் என்ன வழி என்பதெல்லாம் இல்லை. அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

என் பதில் சுருக்கமானது. கணினியில் ஓடும் இலவச வாத்தியங்களை வைத்தே ஒரு முழுப் பாட்டை முடியுங்கள். அதில் எந்த வாத்தியம் காதுக்கு உறுத்துகிறதோ அதை மட்டும் வாங்குங்கள்.

1. கணினியையும் டிஏடபிள்யூவையும் முதலில் முடிவு செய்யுங்கள்

மெய்நிகர் வாத்தியம் தனியாக நின்று பெரிதாகப் பயன்படாது. பாட்டைப் பதிந்து அடுக்கும் மென்பொருளுக்குள், அதாவது டிஏடபிள்யூவுக்குள் அது உட்கார வேண்டும். எந்த டிஏடபிள்யூ எந்த வகையை ஏற்கும் என்பதுதான் இங்கே முதல் கேள்வி. ரீப்பர், எஃப்எல் ஸ்டுடியோ, கியூபேஸ், ஏபிள்டன் லைவ் எல்லாம் விஎஸ்டி வகையை ஏற்கும். ஆப்பிளின் லாஜிக் புரோவும் கராஜ்பேண்டும் ஏயூ வகையை மட்டுமே ஏற்கும். புரோ டூல்ஸுக்கு ஏஏஎக்ஸ் வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் மூன்றையும் சேர்த்தே தருகின்றன. ஆனால் தனி ஆட்கள் செய்து வெளியிடும் இலவச வாத்தியங்கள் பல விஎஸ்டியில் மட்டும் வரும். மேக் வைத்திருப்பவர்கள் இறக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது ரீப்பர். 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம். அப்புறம் தனிநபருக்கான உரிமம் 60 டாலர். எஃப்எல் ஸ்டுடியோவும் நல்லதுதான், ஒரு முறை வாங்கினால் அடுத்தடுத்த பதிப்புகள் இலவசமாக வந்துகொண்டே இருக்கும். ஆனால் அதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். சோதனைப் பதிப்பில் சேமித்த பாட்டை, மூடிய பிறகு மறுபடி திறக்க முடியாது, வாங்கினால்தான் திறக்கும். இன்னொன்று, மலிவான ஃப்ரூட்டி பதிப்பில் மைக் வழியே குரல் பதியும் வசதி கிடையாது. பாடகரை உட்கார வைத்துப் பதிவதாக இருந்தால் அடுத்த படியான புரொட்யூசர் பதிப்புக்குத்தான் போக வேண்டும். மேக் இருந்தால் கராஜ்பேண்ட் இலவசமாகவே இருக்கிறது, அதில் தொடங்கிவிடுங்கள்.

கணினிக்கு 16 ஜிபி ராம் வைத்துக்கொள்ளுங்கள். 8 ஜிபியில் சின்னப் பாட்டு ஓடும், ஆனால் வயலின் கூட்டத்தை ஏற்றிய உடனே திணறும். வாத்தியங்களை எஸ்எஸ்டியில் வையுங்கள். பழைய சுழல் வட்டில் வைத்தால் பாட்டு நடுவில் 'டக் டக்' என்று வெட்டும். லேப்டாப்பில் இடம் இல்லாவிட்டால் யுஎஸ்பி 3 எஸ்எஸ்டி ஒன்றை வெளியே மாட்டினாலே போதும்.

இணையத்தில் பழைய "சிறந்த இலவச விஎஸ்டி" பட்டியல்களைப் பார்த்து இறக்காதீர்கள். அவற்றில் பாதி 32-பிட் காலத்தவை. இன்றைய 64-பிட் டிஏடபிள்யூக்களில் பல அவற்றைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது, நீங்கள் பிழை எங்கே என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

2. கையில் இருக்கும் கீபோர்டைத் தூக்கிப் போடாதீர்கள்

ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்தவர் வீட்டில் யமஹாவோ ரோலண்டோ ஒன்று கட்டாயம் இருக்கும். அதன் பின்பக்கம் சதுரமான யுஎஸ்பி துளை இருக்கிறதா பாருங்கள். பிரிண்டருக்கு மாட்டுகிற அதே கேபிள்தான். மாட்டினால் கீபோர்டு மிடி கருவியாகிவிடும், அதாவது எந்தக் கட்டையை எவ்வளவு பலமாக அழுத்தினீர்கள் என்பதைக் கணினிக்குச் சொல்லும். புதிதாக மிடி கீபோர்டு வாங்கும் செலவு மிச்சம்.

புதிதாகவே வாங்குவதாக இருந்தால், கூட வரும் மென்பொருளையும் சேர்த்து விலை பாருங்கள். ஆர்டூரியா கீபோர்டுகளோடு அனலாக் லேப் வரும். பல நிறுவனங்கள் ஏபிள்டன் லைவ் லைட் தருகின்றன. இந்த உரிமங்கள் கீபோர்டின் வரிசை எண்ணோடு கட்டப்பட்டவை, ஒரு முறைதான் பதியலாம். பழைய கீபோர்டை வாங்கும்போது "மென்பொருளும் உண்டு" என்று யாராவது சொன்னால் நம்பிக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், முதல் உரிமையாளர் ஏற்கெனவே பதிந்திருப்பார்.

வாசித்தால் சத்தம் தாமதமாக வருகிறது என்று எல்லோரும் ஒரு கட்டத்தில் திண்டாடுவார்கள். பஃபர் அளவை, அதாவது கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்து அனுப்பும் ஒலித் துண்டின் அளவை, டிஏடபிள்யூ அமைப்பில் பாருங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் பஃபர் 1024 என்றால் அது மட்டுமே 23 மில்லிசெகண்ட் தாமதம், கை நன்றாகவே உணரும். 256 வைத்தால் 6 மில்லிசெகண்டுக்குள் அடங்கிவிடும். விண்டோஸில் அந்த அளவுக்கு இறங்க, ஒலியைத் தாமதம் குறைத்துக் கடத்தும் ஏசியோ டிரைவர் வேண்டும். மைக்கையும் ஸ்பீக்கரையும் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் இருந்தால் அதோடு வரும் டிரைவரைப் போடுங்கள், இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் ஏசியோ4ஆல் போதும். புளூடூத் ஹெட்போனில் மட்டும் வாசித்துப் பார்க்காதீர்கள், பஃபரை எவ்வளவு குறைத்தாலும் தாமதம் போகாது.

3. இலவசத்தில் ஒரு பாட்டை முடியுங்கள்

நான் புதியவர்களுக்குக் கொடுக்கும் தொகுப்பு இதுதான்.

பியானோவுக்கு சாலமாண்டர் கிராண்ட் பியானோ. அதை ஓட்ட சஃபோர்சாண்டோ என்ற இலவச பிளேயர். மென்மையான வயலின், பேட் (பின்னணியில் நீண்டு நிற்கும்) ஒலிகளுக்கு ஸ்பிட்ஃபயரின் லேப்ஸ். முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அதே நிறுவனத்தின் பிபிசி சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா டிஸ்கவர். சில நூறு எம்பிதான், வீட்டு லேப்டாப்பில் அலட்டாமல் ஓடும். சிந்தசைசருக்கு வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி இரண்டும். டிரம்ஸுக்கு எம்டி பவர் டிரம் கிட். பேஸ் கிட்டாருக்கு ஆம்பிள் பேஸ் பி லைட். இவற்றோடு டீசன்ட் சாம்ப்ளர் என்பதையும் போட்டு வையுங்கள். சாம்பிள் என்றால் நிஜ வாத்தியத்திலிருந்து பதிந்த ஒலி, அதை வாத்தியமாக ஒலிக்க வைப்பது சாம்ப்ளர். 5-ஆம் படியில் அதற்குப் பெரிய வேலை இருக்கிறது.

இவ்வளவும் வைத்து ஒரு நான்கு நிமிடப் பாட்டை, மிக்ஸ் வரை முடியுங்கள். பாதியில் விட்டால் கணக்கில்லை. சரணத்தில் பியானோ தனியாக வரும்போது மெலிந்து ஒலிக்கிறதா, புல்லாங்குழல் பொம்மைக் குழல் மாதிரி இருக்கிறதா, டிரம்ஸ் மட்டும் வேறு அறையில் வாசித்த மாதிரி தனித்து நிற்கிறதா என்பதெல்லாம் முழுப் பாட்டில்தான் தெரியும். அப்போதும் வாங்க ஓடாதீர்கள். பாதி நேரம் குறை வாத்தியத்தில் இருக்காது. எல்லாச் சுரத்தையும் ஒரே அழுத்தத்தில் மௌஸால் வரைந்திருப்போம். மிடியில் வேகத்தை, அதாவது ஒவ்வொரு சுரமும் எவ்வளவு பலமாக அடிக்கப்பட்டது என்ற எண்ணை, 1 முதல் 127 வரை ஏற்ற இறக்கமாக மாற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் உறுத்தினால் அந்த வாத்தியம் உங்கள் வாங்கும் பட்டியலில் ஏறலாம்.

4. வாங்கும் முன் "இது எதில் ஓடும்?" என்று கேளுங்கள்

காசு வீணாகும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கடையில் "காண்டாக்ட் லைப்ரரி" என்று போட்டிருக்கும் ஒலித் தொகுப்புகள் ஏராளம். அவை தானாக ஓடா. நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் காண்டாக்ட் என்ற சாம்ப்ளருக்குள்தான் ஓடும். காண்டாக்டில் இரண்டு வகை உண்டு. காண்டாக்ட் பிளேயர் இலவசம். முழுக் காண்டாக்ட் நூற்றுக்கணக்கான டாலர். நிறுவனத்திடம் உரிமம் பெற்றுச் செய்த லைப்ரரிகள் இலவச பிளேயரில் தடையின்றி ஓடும். மற்றவற்றை அதில் திறந்தால் 15 நிமிடம் ஒலிக்கும், அப்புறம் அடங்கிவிடும். கோபியில் ஒரு நண்பர் தள்ளுபடியில் மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு புல்லாங்குழல் லைப்ரரி வாங்கினார். ரெக்கார்டிங் நடுவில் குழல் நின்றுபோனது. கணினிக் கோளாறு என்று நினைத்து விண்டோஸையே அழித்து மறுபடி போட்டார். விற்பனைப் பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில், "முழுக் காண்டாக்ட் தேவை" என்று இருந்தது.

அதனால் விற்பனைப் பக்கத்தில் கீழே இருக்கும் 'தேவைகள்' பகுதியை முதலில் படியுங்கள். மூன்று விஷயம் அங்கே இருக்கும். எந்தப் பிளேயர் வேண்டும். வட்டில் எவ்வளவு இடம் வேண்டும். ஐலாக் போன்ற உரிமக் கணக்கு வேண்டுமா. ஐலாக் என்றாலே யுஎஸ்பி சாவி வாங்க வேண்டும் என்று பயப்பட வேண்டாம், பல மென்பொருள்கள் கணினியிலேயே பதிய விடுகின்றன. ஆனால் சில சாவி இல்லாமல் திறக்கா. சாவிக்குத் தனிச் செலவு.

சோதனைப் பதிப்பு தரும் நிறுவனத்துக்கு முன்னுரிமை கொடுங்கள். பியானோடெக் இதற்கு நல்ல உதாரணம். அது சாம்பிள் அல்ல, பியானோவின் ஒலியைக் கணக்கிட்டே உருவாக்குகிறது. பத்துக்கணக்கில் ஜிபி எல்லாம் கேட்காது, இடம் மிகக் குறைவு. சோதனைப் பதிப்பில் ஒரு சில கட்டைகள் ஒலிக்காது, ஒரு அமர்வு 20 நிமிடம்தான். ஆனால் ஒலி பிடிக்கிறதா என்று முடிவு செய்ய அது தாராளம். இதற்கு எதிர்ப்பக்கம் கீஸ்கேப்: ஒலி அருமை, ஆனால் முழுதாக 77 ஜிபி. சின்ன எஸ்எஸ்டி வைத்திருப்பவர் அதை வாங்கிவிட்டு வைக்க இடம் தேடுவார். பியானோ ஒன்றுதான் தேவை என்றால் நான் முதல் வகையைத்தான் சொல்வேன்.

உடைத்த மென்பொருளை யாராவது பென்டிரைவில் கொடுத்தால் வாங்காதீர்கள். அது திருட்டு என்பது முதல் காரணம். வைரஸ் கணினி முழுக்கப் பரவும் என்பது அடுத்தது. வாடிக்கையாளரின் கல்யாண வீடியோவும் அதே கணினியில்தான் இருக்கும்.

5. நம்மூர் வாத்தியங்களுக்கு என்ன வழி?

தபலா, சிதார், புல்லாங்குழலுக்குத் தொகுப்புகள் கிடைக்கின்றன. சுவர்பிளக் என்பது இந்திய வாத்தியங்களுக்கென்றே இருக்கும் பிளக்-இன். நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஸ்கவரி வரிசையில் 'இந்தியா' தொகுப்பு உண்டு, அது இலவச காண்டாக்ட் பிளேயரிலேயே ஓடும். வாங்கும் முன் வாத்தியப் பட்டியலைப் படித்து, மாதிரி ஒலியை ஹெட்போனில் கேளுங்கள். வடநாட்டுக் கச்சேரிக்கு ஏற்ற ஒலிகள்தான் இத்தொகுப்புகளில் முன்னால் நிற்கும்.

நாதஸ்வரம், குழல் போன்றவற்றில் சாம்பிள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கமகம்தான் காட்டிக் கொடுக்கும். கட்டையை அழுத்தினால் சுரம் ஆணி அடித்த மாதிரி நிற்கும். இதற்குக் கீபோர்டின் பிட்ச் பெண்ட் சக்கரத்தைப் பழகுங்கள். பல பிளக்-இன்களில் அது மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் வரைதான் அசையும்படி வைத்திருப்பார்கள். அமைப்பில் அதை மாற்ற முடிகிறதா என்று வாங்கும் முன் பாருங்கள். ஐந்தாவது, ஏழாவது அரைச்சுரம் வரை வழுக்க விட்டால்தான் தோடி மாதிரி ராகத்தில் ஓரளவாவது உயிர் வரும். மாற்ற முடியாத வாத்தியத்தை மெலடிக்கு வாங்காதீர்கள். பல்லவியில் நாதஸ்வரம்தான் முதன்மை என்றால், ஒரு வித்வானை அழைத்து எட்டு வரி வாசிக்க வைப்பது எந்த லைப்ரரியையும் விட நல்லது. அந்தப் பணம் அவருக்குப் போவதும் நல்லது.

துடும்பு, உருமி, பம்பை, உடுக்கை? நம் பக்கத்து ஜமாப் செட்டின் ஒலியை நான் தேடிய எந்த வெளிநாட்டுத் தொகுப்பிலும் பார்க்கவில்லை. 'எத்னிக் டிரம்' என்று ஏதோ ஒன்றை வைத்து ஒப்பேற்றினால் பொள்ளாச்சிக்காரர் ஒருவர் கேட்ட உடனே கண்டுபிடித்துவிடுவார். இதை நாமே சாம்பிள் எடுத்துவிடலாம், கடினமில்லை.

கலைஞர்களிடம் பேசி ஒரு காலை நேரத்தை ஒதுக்குங்கள். இடம் தோட்டத்துச் சாளை முற்றமாக இருந்தால் நல்லது: சுவர் எதிரொலி இருக்காது. சோமனூர், பல்லடம் பக்கம் என்றால் தறிச் சத்தம் கேட்காத தூரத்துக்குப் போங்கள். ஆனி, ஆடியில் வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மைக்கில் 'புர்' என்று ஏறும், எந்த மென்பொருளாலும் அதைச் சுத்தமாக எடுக்க முடியாது.

துடும்பில் ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகப் பதியுங்கள். மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று மூன்று அளவு. ஒவ்வொரு அளவிலும் நான்கு அடி. அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒலி முழுக்க அடங்கும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். வாசித்துப் பழகிய கைக்கு இந்தக் காத்திருப்பு சிரமம், பொறுமையாகச் சொல்ல வேண்டும். நான்கு அடி எதற்கு என்றால், ஒரே அடியைத் திரும்பத் திரும்ப ஒலிக்க விட்டால் இயந்திரத் துப்பாக்கி மாதிரி கேட்கும். டீசன்ட் சாம்ப்ளரில் அந்த நான்கையும் சுழற்சியாக ஒலிக்க வைக்கலாம். எந்த அழுத்தத்துக்கு எந்த அடி என்பதையும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் குறித்தால் போதும். அதற்கு மாதிரிக் கோப்புகள் கிடைக்கின்றன. ரீப்பர் வைத்திருப்பவர்கள் அதனுடனே வரும் ரீசாம்ப்ளோமேட்டிக்கிலும் செய்யலாம்.

உடுக்கைக்கு இந்த முறை செல்லாது. இடுப்புக் கயிற்றை அழுத்தித் தளர்த்தும்போதுதான் அதன் சுரம் ஏறி இறங்குகிறது. அண்ணன்மார் கதை பாடுகிறவர் கையில் உடுக்கை பேசுவதே அந்த அழுத்தத்தில்தான். தனி அடிகளாக வெட்டினால் அது போய்விடும். உங்கள் பாட்டின் வேகத்தை கிளிக் ஒலியாகக் காதில் கொடுத்து, நான்கோ எட்டோ தாள வட்டங்களாக நீளமாகப் பதிந்து வையுங்கள்.

பதிவு முடிந்ததும் ஒரு பக்கத்தில் ஒப்புதல் எழுதி வாங்குங்கள்: கலைஞர் பெயர், தேதி, கொடுத்த தொகை, இந்த ஒலிகளை உங்கள் பாட்டுகளில் பயன்படுத்தச் சம்மதம், பிறருக்கு விற்பதானால் தனியாகப் பேசுவது என்ற வரி. தொகையை வங்கி வழியாகவோ யுபிஐயிலோ கொடுங்கள். இருவருக்கும் பாதுகாப்பு.

6. பணம் கட்டுவது

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்துவிட்ட விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டை, எப்போதும் மாறாத மின்னஞ்சல் முகவரி, மாணவர் என்றால் கல்லூரி அடையாள அட்டையும் கல்லூரி மின்னஞ்சலும், ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த எண்.

புதிய அட்டைகளில் வெளிநாட்டு வசதி மூடியே வரும். வங்கிச் செயலிக்குள் போய் நீங்கள்தான் திறக்க வேண்டும், உச்சவரம்பையும் அங்கேயே வையுங்கள். வாங்கி முடித்ததும் மூடிவிடுங்கள். ரூபே அட்டையும் யுபிஐயும் பல வெளிநாட்டுத் தளங்களில் எடுபடா.

போட்டிருக்கும் விலை உங்களுக்கு ஆகும் விலை அல்ல. 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பல தளங்கள் கடைசிப் பக்கத்தில் 18% ஜிஎஸ்டி சேர்க்கும்: 118. வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5% என்றால் இன்னும் 4 டாலருக்கு மேல். அந்தக் கட்டணத்துக்கும் 18% ஜிஎஸ்டி. கூட்டினால் கிட்டத்தட்ட 123 டாலர். உங்கள் அட்டையின் கட்டணம் எவ்வளவு என்று வங்கியின் கட்டணப் பட்டியலில் முன்பே பாருங்கள், குறைவாக எடுக்கும் அட்டைகளும் உண்டு.

அவசரம் இல்லாவிட்டால் நவம்பர் கடைசி வாரம்வரை காத்திருங்கள். கருப்பு வெள்ளித் தள்ளுபடியில் பாதி விலைக்கு வருவது இந்தத் துறையில் சாதாரணம். ஆனால் "இன்னும் 3 மணி நேரம்தான்" என்று ஓடும் கடிகாரத்துக்கு மயங்க வேண்டாம், அதே தள்ளுபடி பெரும்பாலும் மறுபடி வரும். பட்டியலில் இல்லாததை விலை குறைந்தது என்பதற்காக வாங்காதீர்கள். 60 வாத்தியத் தொகுப்பில் நீங்கள் திறப்பது மூன்றோ நான்கோதான்.

மாதச் சந்தா எனக்கு உடன்பாடில்லை. 2021 அக்டோபருக்குப் பிறகு, தானாகப் பணம் பிடிக்கும் முறைக்கு நம் நாட்டில் கூடுதல் ஒப்புதல் தேவைப்படுகிறது; வெளிநாட்டுத் தளங்களில் அது அடிக்கடி தடைபடும். பணம் போகாத மாதம் வாத்தியம் திறக்காது. பழைய பாட்டில் ஒரு திருத்தம் கேட்டு வாடிக்கையாளர் வரும்போது கை கட்டி நிற்க வேண்டியதாகிவிடும்.

7. இறக்குவதும் பதிவதும்

77 ஜிபி லைப்ரரியை 40 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தினம் 2 ஜிபி தரும் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் மாதம் தாண்டும், அந்த எண்ணமே வேண்டாம். நிறுவனத்தின் சொந்த இறக்கும் செயலியைப் பயன்படுத்துங்கள், நடுவில் அறுந்தாலும் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மாதாந்திர மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

எத்தனை கணினியில் பதியலாம் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பியானோடெக் மூன்றில் விடுகிறது. கணினியை விற்கும் முன்போ விண்டோஸை அழிக்கும் முன்போ பழைய பதிவை நீக்கிவிடுங்கள். மறந்தால் ஆதரவுப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதிக் காத்திருக்க வேண்டும்.

8. பாட்டை வெளியிடும் முன் ஒரு சரிபார்ப்பு

வாங்கிய வாத்தியத்தில் நீங்கள் வாசித்த பாட்டு உங்களுடையது, விற்கலாம். வாத்தியத்தின் ஒலிகளைத் தனியாகப் பிரித்து விற்கத்தான் கூடாது. சிக்கல் வருவது லூப்களில். தொகுப்போடு வரும் தயார் லூப்பை, அதாவது முன்பே வாசித்துப் பதிந்த இசைத் துண்டை, அப்படியே வைத்தால், அதே லூப் உலகத்தில் இன்னும் நூறு பேர் பாட்டில் இருக்கும். பாட்டு யாருடையது என்று தானாக அடையாளம் காணும் யூடியூபின் கன்டென்ட் ஐடி முறையில் உரிமைக்கோரல் வந்து நிற்கும். அத்தகைய பாட்டுக்கு நீங்கள் கன்டென்ட் ஐடி பதியவும், பாட்டை இசைத் தளங்களுக்கு அனுப்பும் விநியோக நிறுவனங்கள் பொதுவாக அனுமதிப்பதில்லை. லூப் இருக்கிறது என்றால், பாட்டை அவர்களிடம் கொடுக்கும்போது வரும் கன்டென்ட் ஐடி பெட்டியில் டிக் போடாதீர்கள்.

ரசீது, வரிசை எண், உரிம மின்னஞ்சல் மூன்றையும் வாத்தியத்தின் பெயரில் ஒரு ஃபோல்டரில் பிடிஎஃபாகச் சேமியுங்கள். கலைஞர் கையெழுத்திட்ட ஒப்புதலையும் ஸ்கேன் செய்து அங்கேயே வையுங்கள். உரிமைக்கோரல் வந்தால் யூடியூபுக்குப் பதில் எழுத இவைதான் தேவைப்படும். வாத்தியத்தைப் பின்னால் விற்க நினைத்தாலும், உரிமத்தை மாற்றித் தர அனுமதிக்கும் நிறுவனங்கள் முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்.